எல்லையறியா நோயும் எல்லை கடந்த வைத்தியசாலையும்

வளவுக்கு வளவு வேலியடைத்து வாழ்வது யாழ்ப்பாணத்து வழக்கம். அவ்வேலி ஆட்டையும் மாட்டையும் மறிக்கும். அயலவரின் பார்வையையும் மறிக்கும். ஆனால் ஒரு வளவில் வாந்திபேதி கண்டால், அந்நோய் அடுத்த வளவுக்குச் செல்வதை எவ்வேலியும் மறித்ததில்லை. வீட்டுக்கு வேலி எவ்வாறோ, ஊருக்கு எல்லை அவ்வாறே. மாநகர சபை, நகர சபை, கிராமச் சபை என்று ஆட்சிக்கு எல்லை வகுத்தவன் மனிதன். வரி அறவிடுவதற்கும், தெரு அமைப்பதற்கும், விளக்கேற்றுவதற்கும் அந்த எல்லை வேண்டியதே. நோயோ எந்தச் சபையின் எல்லைக் கல்லையும் பார்த்து நடப்பதில்லை. அவ்வாறாயின் அயலயலே இருக்கும் சபைகள், நோய்த் தடுப்பையும் நோயாளர் பராமரிப்பையும் தனித்தனியே நடத்துவதா, அன்றிச் சேர்ந்து நடத்துவதா? சேர்ந்து நடத்துவதாயின் செலவை யார் பொறுப்பது? வைத்தியசாலையை யாருடைய ஊரில் கட்டுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பெரும் இடர்ப்பட்ட நகரம் ஒன்று உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன்.

அக்காலத்து இலண்டன், பெயரளவில் ஒரு நகரமாயினும் ஆட்சியளவில் ஒரு நகரமன்று. பழைய மதிலுக்குட்பட்ட ஒரு சதுர மைல் நிலத்தை மாத்திரம் பழம்பெரும் நகராண்மைக் கழகம் ஆண்டது. அதற்கு வெளியே பரந்து கிடந்த ஊர்கள் எல்லாம் கோவிற்பற்றுச் சபைகளின் ஆட்சியில் இருந்தன. தெருச் சபை, வடிகாற் சபை, விளக்குச் சபை என்று சிறு சபைகள் வேறு. 1855 ஆம் ஆண்டுக்கு முன்னர் இவ்வாறு ஏறக்குறைய 300 சபைகள் அந்நகரில் இருந்தன என்பர். ஒரே தெருவின் இரு பக்கங்களும் இரு சபைகளுக்கு உரியனவாக, ஒரு பக்கத்துக் குப்பை அள்ளப்பட, மறு பக்கத்துக் குப்பை அழுகிக் கிடந்ததும் உண்டு.

வாந்திபேதி இந்நகருக்குப் பாடம் கற்பித்த முதல் ஆசிரியன் எனலாம். 1849 ஆம் ஆண்டுக் கொள்ளையில் இலண்டனில் 14,000 பேரளவில் மாண்டனர். 1854 இல் மீண்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டிலேயே ஜோன் சினோ என்னும் வைத்தியர், சோகோப் பகுதியில் உள்ள புறோட் வீதியின் நீரேற்றியைச் சூழ்ந்த வீடுகளில் நோய் செறிந்திருந்ததைக் கண்டு, நோய் நீர் வழியே பரவுகின்றது என எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில், நகர் முழுவதற்குமான வடிகால் வேலையைக் கவனிக்கத் தலைநகர வேலைச் சபை என ஒரு பொதுச் சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. ஆயினும் அதற்குப் போதிய பணமும் அதிகாரமும் உடனே கிடைக்கவில்லை. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பின்னரே, 30 இலட்சம் பவுண் கடன் பெற்று வேலையைத் தொடங்குதற்கு உறுப்பினர் இசைந்தனர். ஜோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் ஆற்றின் இரு மருங்கிலும் 82 மைல் நீளமான பெருவடிகால்களை அமைத்து, நகரின் கழிவு நீரைக் கிழக்கே வெகு தூரத்திற் கொண்டுசென்று விடுத்தார்.

1866 இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது இவ்வேலையின் பயன் யாவர்க்கும் தெரிந்தது. வடிகால் முற்றுப்பெற்ற பகுதிகளில் நோய் தலையெடுக்கவில்லை. வேலை முடியாதிருந்த கிழக்குப் பகுதியில், மாசடைந்த குடிநீரைப் பருகிய மக்களிடையே அது பெருகிற்று. அவ்வாண்டில் இலண்டனில் மாண்ட 5,500க்கும் மேற்பட்டோரிற் பெரும்பாலோர் கிழக்குப் பகுதியினரே. ஒரே ஆற்றங்கரையில் வாழும் ஊர்கள் வடிகாலைத் தனித்தனியே அமைத்துக்கொள்ள முடியாது என்னும் உண்மையை அதன் பின் மறுப்பார் இல்லை.

ஆயினும் வடிகால் வேறு, நோயாளி வேறு. நிலத்தின் கீழே ஓடும் வடிகாலை யாரும் காண்பதில்லை. அயலூரின் அம்மை நோயாளி தமது தெருவழியே வண்டியிற் கொண்டுவரப்படுவதையோ எல்லாரும் காண்பர். ஆகவே வடிகாலைப் பகிர்ந்துகொள்ள இசைந்த ஊர்கள், நோயாளியைப் பகிர்ந்துகொள்ள இலகுவில் இசையவில்லை. இந்த இரண்டாவது படியே இலண்டன் வரலாற்றிற் கடினமான படியாகும்.

1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டப்படி, வறியவரைப் பராமரிக்கும் பொறுப்பு அவ்வவ்வூர்க் காப்பாளர் சபைகளைச் சார்ந்திருந்தது. வேலையும் வீடும் அற்றவர் ‘வேலைவிடுதி’ எனப்பட்ட இல்லங்களிற் சேர்க்கப்பட்டனர். அங்கே நோயுற்றவர்களும் முதியோரும் சித்தம் கலங்கியோரும் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் நெருங்கிக் கிடந்தனர். காய்ச்சலோ அம்மையோ கண்ட வறியவரை அனுப்புதற்கு, நன்கொடையால் நடந்த இரண்டு தனி வைத்தியசாலைகள் மாத்திரம் இருந்தன. ஒன்று ஹைகேற்றில் இருந்த அம்மை வைத்தியசாலை; மற்றையது இஸ்லிங்டனில் இருந்த காய்ச்சல் வைத்தியசாலை. அவையிரண்டும் நிறைந்தபோது, நோயாளி வேலைவிடுதியிலேயே ஏனையோர் நடுவே கிடத்தப்பட்டான். அன்றேல் ஒற்றை அறையில் எண்மர் ஒன்பதின்மர் உறங்கும் தன் குடிலிலேயே விடப்பட்டான்.

இந்நிலைக்குக் காரணம் காப்பாளரின் கல்நெஞ்சம் மாத்திரமன்று. கணக்கும் ஒரு காரணமாயிற்று. ஒவ்வோர் ஊரும் தன் வறியவர்க்கான செலவைத் தன் சோலைவரியிலிருந்தே கொடுக்கவேண்டும். செல்வர் வாழும் மேற்குப் பகுதியில் வீடுகளின் மதிப்பு உயர்வு. வறியவர் தொகை குறைவு. ஆகவே வரி இலேசானது. தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் வாழும் கிழக்குப் பகுதியில் மதிப்புக் குறைவு. வறியவர் தொகையோ மிகுதி. ஆகவே வரி பாரமானது. நோய் எங்கே மிகுதியோ அங்கே பணம் குறைவு. பணம் எங்கே மிகுதியோ அங்கே நோய் குறைவு. மேற்குப் பகுதிச் செல்வரின் வீட்டில் துணி வெளுத்தவரும், சுமை தூக்கியவரும், சட்டை தைத்தவரும் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்பதை அவ்வரிக் கணக்கு அறியவில்லை.

1864 ஆம் ஆண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும், வேலைவிடுதிகளிற் கவனிப்பின்றி நோயாளர் இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகை 1865 இல் வைத்தியர் சிலரை நியமித்து, இலண்டன் வேலைவிடுதிகளின் நோயாளர் கூடங்களை நேரிற் பார்வையிடச் செய்து, கண்டவற்றை வெளியிட்டது. காற்றும் வெளிச்சமும் அற்ற அறைகள், பயிற்சியற்ற வறியவர்களே தாதியராகப் பணிபுரிந்த நிலை, மருந்துச் செலவை வைத்தியரே தம் சம்பளத்திலிருந்து கொடுக்கவேண்டிய முறை முதலியன வெளிச்சத்துக்கு வந்தன. தாதியர் பணியின் தாயெனப் போற்றப்படும் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும், நோயாளரையும் ஏனை வறியோரையும் வேறு பிரித்து நோயாளர்க்கு நகர் முழுவதும் பொதுவான ஏற்பாடு வேண்டுமென வற்புறுத்தினார்.

இவ்வற்புறுத்தல்களின் பயனாக 1867 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தலைநகர வறியோர் சட்டம் நிறைவேறிற்று. அதனைக் கொண்டுவந்தவர் வறியோர் சட்டச் சபையின் தலைவராக இருந்த கேத்தோண் ஹாடி. அச்சட்டம் இரு பெருங் காரியங்களைச் செய்தது. முதலாவது, இலண்டன் ஊர்கள் அனைத்தையும் ஒரே மாவட்டமாக்கி, தொற்றுநோயாளர்க்கும் சித்தக் குறைபாடுடையோர்க்கும் வைத்தியசாலைகளைக் கட்டி நடத்துதற்கென ஒரு பொதுச் சபையை அமைத்தது. அதுவே தலைநகரப் புகலிடச் சபை. அதன் உறுப்பினர் 60 பேரளவினர். அவருள் 45 பேரை ஊர்க் காப்பாளர் சபைகள் தெரிந்தனுப்பின. 15 பேரை அரசாங்கத்தின் வறியோர் சட்டச் சபை நியமித்தது. இரண்டாவது, தலைநகரப் பொது வறியோர் நிதி என ஒரு நிதியை அமைத்தது. ஒவ்வோர் ஊரும் தன் வறியவரின் தொகைக்கேற்பவன்றித் தன் சொத்து மதிப்புக்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தவேண்டும். காய்ச்சல், அம்மை வைத்தியசாலைகளில் வைத்துப் பராமரிக்கப்படுவோரின் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்படும்.

இவ்விரண்டில் எது பெரிது என ஆராய்ந்தால், இரண்டாவதே பெரிது என்பது புலப்படும். பொதுச் சபையை மாத்திரம் அமைத்து நிதியை ஊரூராகவே விட்டிருந்தால், வறிய ஊர்கள் தம் நோயாளரை அனுப்பத் தயங்கியிருக்கும். நிதி பொதுவானதும் அத்தயக்கத்துக்கு இடமில்லாது போயிற்று. நோயாளியை வேலைவிடுதியில் வைத்திருந்தால் செலவு அவ்வூரின் தலையில் விழும். பொது வைத்தியசாலைக்கு அனுப்பினால் எல்லா ஊர்களும் அச்செலவைத் தாங்கும். ஆகவே நோயாளியை ஒதுக்கி வைத்து நோயைத் தடுக்கும் நற்செயலே, ஊரின் பணப்பைக்கும் ஏற்றதாயிற்று. நல்லறிவுரை பலகாலம் செய்ய முடியாததை ஒரு கணக்கு விதி செய்தது.

புதிய சபை ஊரின் மூன்று திசைகளில் நிலம் தேடியது. வடமேற்கே ஹாம்ஸ்டெட், கிழக்கே ஹோமர்ட்டன், தென்மேற்கே ஸ்டொக்வெல் ஆகிய இடங்கள் தெரிவாயின. ஹாம்ஸ்டெட்டில் 1870 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவசரமாக எழுப்பிய தற்காலிகக் கூடங்களிற் காய்ச்சல் நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஏனைய இரண்டும் 1871 இல் திறக்கப்பட்டன. கட்டட வேலையாளர் வெளியேறுமுன்னரே பெரியம்மை உள்ளே புகுந்தது எனலாம். 1870 ஆம் ஆண்டின் இறுதியிற் கிளம்பிய அக்கொள்ளை இங்கிலாந்து முழுவதையும் வாட்டி, 40,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இலண்டனில் 1871 ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் இறந்தோர் 7,900 பேரளவினர். குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துவது 1853 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தும், குத்தாதோரும் செவ்வனே குத்தப்படாதோரும் பலராய் இருந்தனர். புதிய வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. அவை இல்லாதிருந்தால் அந்நோயாளர் அனைவரும் நெருங்கிய குடில்களிலேயே கிடந்திருப்பர்.

கொள்ளை தணிந்ததும் வழக்கு எழுந்தது. ஹாம்ஸ்டெட் ஒரு மேட்டு நிலம். நல்ல காற்றை நாடிய செல்வரும் கல்விமான்களும் குடியிருந்த இடம். அங்கே நகரெங்கணும் இருந்து அம்மை நோயாளரைக் கொண்டுவந்து குவிப்பதா என அயலவர் கொதித்தனர். எதிர்த்தவருள் முன்னின்றவர் சேர் றோலன்ட் ஹில். 1840 ஆம் ஆண்டில் ஒரு பென்னித் தபால் முறையைப் புகுத்தி உலகப் புகழ் பெற்றவர் அவர். அவருடைய இல்லம் அவ்வைத்தியசாலையின் அயலிலே இருந்தது. அவர் வகுத்த தபால் முறையின் உயிர்நாடி யாது? அண்மைக்கும் சேய்மைக்கும் ஒரே கட்டணம்; அண்மைக் கடிதத்தின் இலாபம் சேய்மைக் கடிதத்தின் செலவைத் தாங்கும். நாடு முழுவதும் ஒரு சுமையைச் சேர்ந்து தாங்கும் வழியைக் காட்டிய அப்பெரியாரே, நகர் முழுவதும் ஒரு சுமையைச் சேர்ந்து தாங்கும் வைத்தியசாலை தம் மதிலின் ஓரத்தில் அமைந்தபோது நீதிமன்றை நாடினார்.

இதனைக்கொண்டு அவரைத் தன்னலக்காரர் எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. கடிதம் யாரையும் கொல்வதில்லை; அம்மை கொல்லும். பொதுநன்மையின் பயன் நகர் முழுவதற்கும் செல்ல, அதன் ஆபத்து மாத்திரம் ஒரு தெருவாரின் தலையில் விழுவது முறையா என்பதே அவ்வழக்கின் உட்பொருள். 1878 ஆம் ஆண்டில் ஜூரிமார் அயலவரின் பக்கமே தீர்ப்பளித்தனர். றோலன்ட் ஹில் 1879 இல் காலமானார். வழக்கு மேன்முறையீடாகப் பிரபுக்கள் சபைவரை சென்று, 1881 இல் முடிவுற்றது. வைத்தியசாலை கட்டச் சட்டம் அதிகாரம் அளித்தது உண்மையே. ஆயினும் இந்த இடத்திற் கட்டுக என்றோ, அயலவர்க்குத் தீங்கு விளைத்தேனும் கட்டுக என்றோ அச்சட்டம் கூறவில்லை. ஆகவே தீங்கு விளையாத இடத்தைத் தேடுவது சபையின் கடன் எனப் பிரபுக்கள் தீர்த்தனர். அத்தீர்ப்பு ஆங்கிலச் சட்டத்தைப் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்று.

அயலவரின் அச்சம் வீண் அச்சமுமன்று. புல்ஹாம் பகுதியில் இருந்த அம்மை வைத்தியசாலையைச் சுற்றி, அரசாங்க வைத்திய ஆய்வாளராகிய டபிள்யூ. எச். பவர் 1881 இல் வீடு வீடாக ஆராய்ந்தார். வைத்தியசாலையிலிருந்து கால் மைல், அரை மைல், முக்கால் மைல், ஒரு மைல் என வட்டங்கள் வகுத்து எண்ணியபோது, அண்மை வட்டத்தில் நோய் மிகுந்தும், தூரம் செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதைக் கண்டார். நோய் காற்றிற் பறந்து வந்தது என அவர் கருதினார். வண்டிகளும் வேலையாளரும் பார்வையாளரும் போய்வந்தமையே காரணம் என வேறு சிலர் வாதித்தனர். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: நகரைக் காக்கக் கட்டிய வைத்தியசாலை, தன் அயலைக் காக்கத் தவறியது.

நிலத்தில் இடமில்லாத சபைக்கு நதி இடம் கொடுத்தது. 1881 ஆம் ஆண்டில் கடற்படையிடமிருந்து ‘அற்லஸ்’, ‘என்டிமியன்’ என்னும் இரு பழைய மரப் போர்க்கப்பல்கள் பெறப்பட்டு, கிறீனிச் அருகே நங்கூரமிடப்பட்டு, மிதக்கும் வைத்தியசாலையாக்கப்பட்டன. பின்னர் அவை இலண்டன் பாலத்திலிருந்து ஏறக்குறைய 17 மைல் கீழே, டாட்போட் ஊருக்கு அண்மையில் உள்ள லோங் றீச் என்னும் இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1884 இல் ‘கஸ்ராலியா’ என்னும் மூன்றாவது கப்பல் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே செல்லும் பயணிகளுக்குக் கடல் மயக்கம் வராதிருக்க, இரட்டை உடலுடன் கட்டப்பட்ட விந்தையான கப்பல் அது. பயணிகளின் மனத்தைக் கவரத் தவறிய அக்கப்பலின் தட்டில் ஐந்து நோயாளர் கூடங்கள் எழுப்பப்பட்டன. ஆடவர் அற்லஸிலும் பெண்டிர் கஸ்ராலியாவிலும் வைத்துப் பராமரிக்கப்பட்டனர்.

தூரத்தே வைத்தியசாலை அமைந்ததும், நோயாளியைக் கொண்டுசெல்லும் வழி வேண்டியதாயிற்று. முன்னர் அம்மை நோயாளர் வாடகை வண்டிகளிற் சென்றதும், அதே வண்டியில் அடுத்து ஏறியவர் நோயைப் பெற்றுக்கொண்டதும் உண்டு. 1881 முதல் சபை தனக்கெனக் குதிரை பூட்டிய நோயாளர் வண்டி நிலையங்களை அமைத்தது. தாதி ஒருத்தி உடன்வர, நோயாளி வீட்டிலிருந்து தேம்ஸ் நதித் துறைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே அவருக்கென நின்ற நீராவிப் படகில் ஏற்றப்பட்டு, கீழ்நதிக் கப்பல்களைச் சென்றடைந்தார். செல்வ ஊராயினும் வறிய ஊராயினும் வண்டி ஒன்றே, படகு ஒன்றே. இலண்டன் மாநகர் பிற்காலத்திற் பெற்ற பொது நோயாளர் வண்டிச் சேவைக்கு அதுவே வித்து.

இன்னொரு தடை எஞ்சி நின்றது. இச்சபை வறியோர் சட்டத்தின் பிள்ளை. அதன் வைத்தியசாலையிற் சேர்ந்தவர், உழைத்துண்ணும் தொழிலாளியாயினும், பிறர் தருமத்தில் வாழ்பவர் எனக் கணிக்கப்பட்டார். அவரது வாக்குரிமையும் பறிபோயிற்று. ஊரைக் காப்பதற்காகத் தன் பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பிய தந்தை, அதற்குத் தண்டனையாகத் தன் குடியுரிமையை இழந்தார். இம்மானக்கேட்டுக்கு அஞ்சி நோயாளரை மறைத்து வைத்த வீடுகள் பல. 1883 ஆம் ஆண்டுச் சட்டம் அம்மை, காய்ச்சல் நோயாளர்க்கு அந்த இழுக்கை நீக்கிற்று. 1889 இல் தொற்றுநோயை அறிவிக்கவேண்டிய கடமை இலண்டன் வைத்தியர்க்கும் வீட்டாருக்கும் விதிக்கப்பட்டது. 1891 ஆம் ஆண்டின் இலண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம், வறியவர் செல்வர் என்ற வேறுபாடின்றி இச்சபையின் வைத்தியசாலைகளை நகர மக்கள் அனைவர்க்கும் இலவசமாக்கிற்று. வறியோர்க்கெனத் தொடங்கிய ஓர் ஏற்பாடு 24 ஆண்டுகளில் யாவர்க்கும் உரிய சேவையாயிற்று. தொண்டைக்கரப்பான் கண்ட சிறுவர்களும் 1888 முதல் சேர்க்கப்பட்டனர். அந்நோய்க்கான நச்சுமுறி மருந்து 1894 ஆம் ஆண்டளவில் வந்தபோது, அதனை ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே முறையிற் கொடுத்துப் பயனைக் கணக்கிட்டறிய இப்பொது வைத்தியசாலைகளாலேயே இயன்றது. சிறு சிறு ஊர்கள் தனித்தனியே இதனைச் செய்திருக்க முடியாது.

1901 ஆம் ஆண்டில் பெரியம்மை கடைசி முறையாகப் பெருமளவில் இலண்டனுக்குள் வந்தது. அக்கொள்ளையில் இறந்தோர் 1,600 பேரளவினர். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓராண்டில் இறந்தோர் 7,900 பேரளவினர் என்பதையும், இடையில் நகரின் குடித்தொகை பெருகியதையும் சேர்த்து எண்ணினால் மாறுதல் விளங்கும். அம்மைப்பால் குத்தலுக்கும், நோயறிவித்தலுக்கும், தனிப்படுத்தலுக்கும் இவ்வெற்றியிற் பங்குண்டு. நெருப்புக்கும் கப்பல் மோதலுக்கும் அஞ்சவேண்டியிருந்த மிதக்கும் வைத்தியசாலைகளுக்குப் பதிலாக டாட்போட் கரையில் நிலையான கட்டடங்கள் எழுந்தன. 1904 இல் மூன்று கப்பல்களும் விற்கப்பட்டன. 1930 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி தலைநகரப் புகலிடச் சபை கலைக்கப்பட்டு, அதன் வைத்தியசாலைகள் இலண்டன் மாவட்டச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. 1948 ஜூலை ஐந்தாந் திகதி அவை நாட்டின் பொதுச் சுகாதார சேவையுடன் இணைந்தன.

இவ்வரலாற்றிற் குறைகளும் இல்லாமலில்லை. சபையின் உறுப்பினரை மக்கள் நேரே தெரிவுசெய்யவில்லை. ஆகவே மக்களின் குரல் அங்கே தாமதித்தே ஒலித்தது. ஹாம்ஸ்டெட் மக்கள் வழக்காடி விலக்கிக்கொண்ட சுமையைக் கடைசியில் ஏற்றது, வழக்காடும் வசதி குறைந்த கீழ்நதிக் கரை. பதினேழு மைலுக்கு அப்பால் ஒரு கப்பலில் கிடந்த பிள்ளையைப் பார்க்க முடியாது தவித்த தாய்மாரின் துயரத்தை எக்கணக்கேடும் பதியவில்லை. சேர்ந்து சுமப்பது என்பது சுமையை இல்லாமற் செய்வதன்று, அதனைப் பங்கிடுவதாகும். பங்கீடு நேர்மையாய் அமைந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியிருந்தது.

ஆயினும் காலம் சில வழக்குகளை விந்தையான முறையிற் தீர்த்துவைக்கின்றது. ஹாம்ஸ்டெட்டில் அக்காய்ச்சல் வைத்தியசாலை நின்ற நிலத்தில் 1970களில் றோயல் பிறீ வைத்தியசாலை எழுந்தது. 2014 ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா நோய் பரவியபோது, அந்நோய் கண்ட பிரித்தானியர் அங்கேயே கொண்டுவரப்பட்டுத் தனிப்படுத்திப் பராமரிக்கப்பட்டார். நகரின் நோயாளரையே ஏற்க மறுத்த மேட்டு நிலம், ஒன்றரை நூற்றாண்டுக்குள் நாட்டின் நோயாளரை ஏற்றது. இடையில் மாறியது அயலவரின் மனம் மாத்திரமன்று. நோயை அறைக்குள் அடக்கி வைக்கும் அறிவு வளர்ந்ததனால், அண்மையில் இருப்பவர்க்கு ஆபத்தில்லை என்ற உறுதியை வைத்தியசாலையாற் கொடுக்க முடிந்தது.

இலங்கையிலும் இக்கேள்வி வேறு உருவில் எழுந்தது. இங்கே ஊர்ச் சபைகள் கூடிச் செய்ததிலும், அரசாங்கம் ஊர்களைக் கூட்டிச் செய்ததே மிகுதி. 1926 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிலையத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. பட்டினத்தையும் அயற் கிராமங்களையும் ஒன்றாகக் கொண்டு, ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், பரிசோதகர்களும் தாதியரும் மருத்துவிச்சிகளும் வீடு வீடாகச் சென்று பணிபுரிந்த அம்முறை, பின்னர் நாடெங்கும் பரவிற்று. இன்று நாட்டில் 300க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உண்டு. கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே அங்கொடையில் அமைந்த தொற்றுநோய் வைத்தியசாலையும், நகருக்கும் அயலுக்கும் ஒருங்கே பயன்பட்டு, 2020 ஆம் ஆண்டில் புதிய கொள்ளைநோய் நாட்டுக்குள் வந்தபோது முதல் நோயாளரை ஏற்றது.

உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980 இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய்க்காகக் கட்டிய கூடங்களும் கப்பல்களும் இன்று இல்லை. ஆனால் அவற்றைக் கட்டியபோது எழுந்த மூன்று வினாக்கள் எஞ்சியிருக்கின்றன. செலவை யார் பொறுப்பது? இடத்தை யார் கொடுப்பது? நோயுற்றவரின் மானத்தை யார் காப்பது? இலண்டன் முதலாவது வினாவுக்கு 1867 இல் விடை கண்டது; மூன்றாவதற்கு விடை காண 1891 வரை சென்றது; இரண்டாவதை நதியிலே மிதக்கவிட்டுக் காலம் கடத்தியது. அயலயலே வாழும் சபைகள் ஒரு நோயாளர் வண்டியைப் பகிர்வதாயினும், ஒரு நுளம்பு ஒழிப்புக் குழுவைப் பகிர்வதாயினும், ஒரு குப்பை மேட்டுக்கு இடம் தேடுவதாயினும், இம்மூன்று வினாக்களுக்கும் ஒருங்கே விடை காணாத ஏற்பாடு நெடுநாள் நிலைப்பதில்லை. வேலிக்கு அப்பால் இருப்பவரும் நோயின் கண்ணுக்கு ஒரே வளவினரே என்னும் உண்மையை, இலண்டன் மக்கள் பெரும் உயிர்விலை கொடுத்து அறிந்துகொண்டனர்.